பன்னிரண்டு மணிப் பாண்: மட்டக்களப்பில் பான் மீ கடை எதில் தங்கியிருக்கிறது

எங்கள் பக்கத்துப் பேக்கரிகளின் நாள் இரண்டு சூட்டில் ஓடுகிறது. இரவில் குழைத்த மா விடியப்புறம் போறணைக்குள் போகிறது. அந்தப் பாண் காலைச் சாப்பாட்டுக்கும் பாட்டுப் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் பாண் விற்கும் சூன் பாண் ஓட்டோவுக்கும் போய் எட்டு மணிக்குள் முடிந்துவிடும். அடுத்த சூடு பின்னேரம் நாலு மணியை ஒட்டி வருகிறது. இடையில் வருகிற நண்பகலுக்குப் புதுப் பாண் என்ற ஒன்றே கிடையாது. அந்த நேரம் சோற்றுக்குரியது என்பதால் இதுவரை யாருக்கும் அது குறையாகப் பட்டதில்லை.

வியட்நாமியச் சாண்ட்விச்சான பான் மீயைக் கந்தோர்க்காரரின் மதியச் சாப்பாடாக விற்க நினைப்பவருக்கு முதல் சிக்கல் இங்கேதான். கோழி, ஊறுகாய், சோஸ் எல்லாவற்றையும் படித்துச் செய்யலாம், வாங்கலாம். ஆனால் பான் மீ என்பது மெல்லிய, நொறுங்குகிற மேலோடும் பஞ்சு போன்ற உள்ளும் கொண்ட பாண். அந்த மேலோட்டின் ஆயுள் கடலோரக் காற்றில் ஒன்றரை மணித்தியாலம் கூட இல்லை. காலை ஆறு மணிக்குச் சுட்ட பாணை மதியம் பன்னிரண்டரைக்குப் பிளந்து எதை வைத்துக் கொடுத்தாலும் அது தோல்போல இழுபடும். “இதென்ன, றோஸ் பாணுக்குள்ள கோழி வச்சுத் தந்திருக்கிறாங்க” என்று ஒருமுறை சொன்னவர் மறுபடி வரமாட்டார்.

இந்தப் பாணின் வரலாறும் எங்கள் பாணின் வரலாறும் ஒரே மாதிரியானவை. பாண் என்ற சொல்லையும் போறணை என்ற சொல்லையும் போர்த்துக்கேயர் இங்கே விட்டுப் போனார்கள். வியட்நாமில் 1859இல் சைகோனைப் பிடித்த பிரெஞ்சுக்காரர் தங்கள் நீளப் பாணைக் கொண்டுபோனார்கள். பான் மீயில் உள்ள ‘பான்’ எங்கள் ‘பாண்’ போல ஒலித்தாலும் அவை உறவுச் சொற்கள் அல்ல. வியட்நாமியத்தில் ‘பான்’ மாவில் செய்யும் பண்டங்களுக்கெல்லாம் பொதுப்பெயர், ‘மீ’ கோதுமை. கோதுமை அங்கேயும் விளையாது, இங்கேயும் விளையாது. அங்கே இறக்குமதி, இங்கே திருகோணமலையில் அரைபடும் இறக்குமதிக் கோதுமை. நீண்டகாலம் அந்தப் பாண் தட்டில் வெண்ணெய், இறைச்சி, ஈரல் பசை ஆகியவற்றோடு கத்தியும் முள்ளும் வைத்துச் சாப்பிடும் பணக்காரச் சாப்பாடாகவே இருந்தது. 1954இல் நாடு இரண்டாகப் பிரிந்தபோது வடக்கிலிருந்து இலட்சக்கணக்கானோர் தெற்குக்கு வந்தார்கள். அவர்களில் ஒரு குடும்பம் 1958இல் சைகோனில் தொடங்கிய ஹுவா மா கடையின் பெயர் பான் மீ வரலாற்றில் நிலைத்திருக்கிறது. உட்கார்ந்து சாப்பிட நேரமில்லாதவர்களுக்காகத் தட்டில் இருந்ததையெல்லாம் பாணுக்குள் அடுக்கிக் கையில் கொடுத்தார்கள். ஆகவே இது தொடக்கத்திலிருந்தே வேலைக்கு ஓடுகிறவர்களின் சாப்பாடுதான். கந்தோர் மதியத்துக்கு இதைக் கொண்டுவருவதில் ஒட்டாத எதுவும் இல்லை.

பாண்

அரிசி மா கலப்பதுதான் இந்தப் பாணின் இரகசியம் என்று பலர் எழுதுகிறார்கள். மாவை இழுபடவைக்கும் பசையம் (gluten) அரிசி மாவில் கிடையாது. கொஞ்சம் கூடினாலும் பாண் உப்பாமல் செங்கல்லாகும். மேலோடு மெலிவதற்கு உண்மையான காரணங்கள் வேறு: நன்றாகக் குழைத்த மா, வழக்கத்தை விடக் கூடுதலாகப் பொங்கவிடுதல், போறணையில் முதல் சில நிமிடம் நீராவி. மாவுக்குள் காற்று எவ்வளவு கூட நிறைகிறதோ அவ்வளவுக்கு மேலோடு இழுபட்டு மெலிகிறது.

ஒரு கிலோ பாண் மாவுக்கு 600 மில்லிலீற்றர் தண்ணீர், 12 கிராம் உடனடி ஈஸ்ட், 16 கிராம் உப்பு, 20 கிராம் சீனி, 20 கிராம் எண்ணெய் அல்லது மாஜரின். பேக்கரிக்காரர் பாவிக்கும் பாண் மேம்படுத்திப் பொடியை அதன் பொதியில் சொன்ன அளவுக்குச் சேர்க்கலாம். அதிலுள்ள அஸ்கோர்பிக் அமிலம் பசையத்தை இறுக்கி, கூடப் பொங்கினாலும் பாண் சரியாமல் பிடித்துவைக்கிறது. மாவின் சிறு துண்டை விரலால் விரித்தால் கிழியாமல் வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெலிய வேண்டும். அந்தப் பதம் வரும்வரை குழைப்பதை நிறுத்தக்கூடாது.

மட்டக்களப்பில் இங்கேயே ஒரு தவறு நடக்கிறது. குழைத்து முடியும்போது மாவின் வெப்பம் 27 பாகை இருக்க வேண்டும். குழைக்கும் இடமும் மாவும் 31 பாகை, இயந்திரம் உரசுவதால் ஏறுவது 12 பாகை அளவு என்றால் கணக்கு இப்படி வரும்: 27ஐ மூன்றால் பெருக்க 81, அதிலிருந்து 31, 31, 12 கழிக்க 7. அதாவது தண்ணீர் 7 பாகையில் இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால் மா 33, 34 பாகைக்குப் போய்விடும். ஈஸ்ட் அவசரப்பட்டுப் பொங்கும், புளித்த மணம் வரும், கீறிய இடம் விரியாமல் ஒட்டிக்கொள்ளும். ஐஸ் போட்டுக் குளிரவைத்த தண்ணீரைப் பாவிக்க வேண்டும். கையால் குழைப்பவர்களுக்கு உரசல் சூடு குறைவு, தண்ணீர் அவ்வளவு குளிரத் தேவையில்லை.

90 கிராம் துண்டுகளாக வெட்டினால் ஒரு கிலோ மாவுக்கு 18 பாண் வரும். சுட்டபின் ஒவ்வொன்றும் 75 கிராம் அளவில் நிற்கும். 15 நிமிடம் ஓயவிட்டு, தட்டி, இறுக்கமாகச் சுருட்டி, 18 முதல் 20 சென்ரிமீற்றர் நீளத்துக்கு நுனி கூர்த்து உருட்ட வேண்டும். சுருட்டில் தளர்வு இருந்தால் உள்ளே பெரிய பொந்து விழும், ஊறுகாய்த் தண்ணீர் அதன் வழியே இறங்கும். பிறகு ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாமல், கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஆகும்வரை பொங்கவிட வேண்டும். நீளத்துக்கு ஒரே ஒரு கீறல், பிளேட்டைச் சரித்துப் பிடித்து. மேலே தண்ணீர் தெளித்து 230 பாகையில் 14 முதல் 16 நிமிடம் வைத்தால் முழுப் பாண் ஆகும்.

விறகுப் போறணையில் நீராவிக் குழாய் கிடையாது. ஆனால் போறணை நிறையப் பாண் வைத்து வாயை இறுக மூடினால் மாவிலிருந்து எழும் ஈரமே போதுமான ஆவியாகும். அரைவாசி போறணையில் பத்துப் பாண் மட்டும் வைத்தால் அந்த ஆவி சேராது. அப்போது ஒரு தகரத் தட்டில் கொதிதண்ணீர் வைக்க வேண்டும்.

மதியத்துக்கு வழி

கடையிலேயே முழுப் பேக்கரி போடுவது 60 சாண்ட்விச் விற்கிற இடத்துக்குக் கட்டுப்படியாகாது. நடைமுறைக்கு ஒத்துவருவது அரை வேக்காடு. இதற்கு எங்கள் விறகுப் போறணை நல்ல வசதியாக அமைகிறது. விடியற்காலைப் பாண் இறக்கியபின் போறணையின் சூடு 200 பாகை அளவுக்குத் தணிந்து கிடக்கும். அந்தச் சூட்டை எவரும் பெரிதாகப் பாவிப்பதில்லை. அதில் பான் மீப் பாணை 9, 10 நிமிடம் வைத்தால் உள் வெந்து, உருவம் நின்று, நிறம் மட்டும் வெளிறி இருக்கும். நடுவில் வெப்பமானி குத்தினால் 93 பாகைக்கு மேல் காட்ட வேண்டும். குறைந்தால் ஆறும்போது இடுப்பு விழுந்து சுருங்கும். கம்பித் தட்டில் முழுக்க ஆறவிட்டு, துணியால் மூடிக் கடைக்குக் கொண்டுபோகலாம். சூடு ஆறுமுன் பொலித்தீன் பையில் கட்டினால் வியர்த்துப் பிசுபிசுக்கும். அப்படிக் கட்டியது அன்றைக்குத் தேறாது.

கடையில் தேவைப்படுவது சிறிய அவன் (oven) ஒன்றுதான். 220 பாகைக்கு முன்கூட்டியே சூடேற்றி, 5 முதல் 6 நிமிடம். ஒரு தட்டில் எட்டுப் பாண், இரண்டு தட்டு வைத்தால் 16. பதினொன்று நாற்பதுக்கு முதல் சூடு, பிறகு கால் மணிக்கு ஒரு சூடு. ஒரே தடவையில் 60ஐயும் சுட்டு அடுக்கி வைப்பது வேலையைச் சுலபமாக்குவதுபோலத் தெரியும். ஆனால் ஒரு மணிக்கு வருகிறவருக்குக் காலைப் பாணைத்தான் கொடுப்பீர்கள். அவனிலிருந்து எடுத்ததும் வெட்டக்கூடாது. ஐந்து நிமிடம் விட்டால் உள் ஆவி வெளியேறும், மேலோடு இறுகும். கேட்டால் அது மெல்ல வெடிக்கிற சத்தம் காதுக்கு வரும்.

மீந்த அரை வேக்காட்டுப் பாணைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த் தட்டில் வைப்பது பலரும் செய்கிற பிழை. மாச்சத்து இறுகிப் பாண் பழசாவது 4 பாகையில்தான் மிக வேகமாக நடக்கிறது. உறைபெட்டியில் வைத்தால் அது நிற்கும். மறுநாள் வெளியே எடுத்துக் குளிர் விட்டபின் சுடலாம். முழுதாகச் சுட்ட பாணையும் தண்ணீர் தெளித்து ஒருமுறை உயிர்ப்பிக்கலாம், ஏனென்றால் இறுகிய மாச்சத்து 60 பாகைக்கு மேல் மறுபடி இளகும். ஆனால் அது ஒருமுறைதான். இரண்டாம் முறை ஆறும்போது முன்னையதை விட வேகமாகக் கல்லாகும்.

உள்ளே போவது

ஒரு சாண்ட்விச்சின் கணக்கு: பாண் 75 கிராம், உள்பக்கம் தடவும் பூச்சு 12, ஈரல் பசை 20, கோழி 60, ஊறுகாய் 40, கெக்கரிக்காய் 30. மொத்தம் 240 கிராமுக்குச் சற்றுக் குறைவு. 60 பேருக்கு என்றால் மா மூன்றே கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல், ஊறுகாய் பிழிந்த எடையில் 2.4 கிலோ, வெந்த கோழி 3.6 கிலோ. எலும்பில்லாத தொடை இறைச்சி சுடும்போது கால் பங்குக்கு மேல் இழக்கும், ஆகவே பச்சையாக 5 கிலோ வாங்க வேண்டும். இதைக் கவனிக்காமல் பச்சை எடையில் விலை போட்டவர்கள் மாதக் கடைசியில்தான் நட்டத்தைக் காண்பார்கள்.

ஒரு கிலோ கோழிக்கு எலுமிச்சம்புல்லின் அடி வெள்ளைப் பகுதி மட்டும் 40 கிராம் மிகப் பொடியாக அரிந்தது, சின்ன வெங்காயம் 40, உள்ளி 20, மீன் சோஸ் 30 மில்லிலீற்றர், சோயா சோஸ் 20, சீனி 30 கிராம், எண்ணெய் 30, மிளகு. நாலு மணித்தியாலம் குளிரில் ஊறட்டும். மேல் பச்சைப் பகுதியை அரிந்து போட்டால் நார் பல்லில் மாட்டும். சீனி இருப்பதால் பெரிய நெருப்பில் வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்கும். நடுத்தரச் சூட்டில் சுட்டு, தடித்த இடத்தில் 74 பாகை பார்க்க வேண்டும். வெட்டியபின் சாறை வடித்துவிட வேண்டும், அதோடு அடுக்கினால் பாண் நனையும்.

மீன் சோஸ் என்பது நெத்தலியும் உப்பும் மாதக்கணக்கில் புளித்து இறங்கும் சாறு. எங்கள் மூக்குக்குக் கருவாட்டை நினைவூட்டும், ஆனால் சூட்டில் பட்டதும் அந்த மணம் அடங்கிச் சுவை மட்டும் நிற்கும். கருவாட்டுக்குப் பழகிய ஊரில் அதைக் குறைக்கத் தேவையில்லை.

ஊறுகாய் என்றால் எங்கள் மிளகாய்த்தூள் ஊறுகாய் அல்ல, தித்திப்பும் புளிப்புமான கரட்டும் முள்ளங்கியும். அரைக் கிலோ வீதம் எடுத்து 3, 4 மில்லிமீற்றர் குச்சிகளாக வெட்டி, 15 கிராம் உப்பும் 20 கிராம் சீனியும் போட்டுப் பிசைய வேண்டும். கால் மணியில் ஒரு குச்சியை எடுத்து இரு நுனியும் தொடும்படி வளைத்துப் பாருங்கள். ஒடியாமல் வளைந்தால் சரி. கழுவிப் பிழிந்து, வினாகிரி 400 மில்லிலீற்றர், இளஞ்சூட்டுத் தண்ணீர் 400, சீனி 160 கிராம், உப்பு 10 கிராம் கரைத்ததில் போட வேண்டும். ஒரு மணித்தியாலத்தில் பாவிக்கலாம், மறுநாள் இன்னும் நல்லது. பிசையாமல் நேரே வினாகிரியில் போட்டால் முள்ளங்கி தன் தண்ணீரை விட்டு ஊறலை நீர்க்கச் செய்யும், இரண்டு நாளில் கொழகொழக்கும். போத்தல் திறந்ததும் வருகிற முள்ளங்கியின் கந்தக மணம் கெட்டதற்கு அடையாளம் அல்ல. திறந்து கொஞ்ச நேரம் வைத்தால் போய்விடும். ஆனால் குளிரூட்டிய கந்தோர் அறைக்குள் அந்த மணத்தோடு பொதி போகக்கூடாது, அதனால் காலையிலேயே வடித்துத் திறந்து வைக்க வேண்டும். கரட்டும் முள்ளங்கியும் மலைநாட்டிலிருந்து வருபவை. மாரியில் மண்சரிந்து பாதை அடைபட்டால் விலை ஏறும். அப்போது பப்பாசிக்காய் கைகொடுக்கும். ஹனோயில் பச்சைப் பப்பாசியையும் இப்படித்தான் ஊறவைக்கிறார்கள், ஆகவே அது ஒப்பேற்றும் வேலை அல்ல.

பூச்சைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டும். வியட்நாமில் பச்சை முட்டைக் கருவை எண்ணெயோடு அடித்து மஞ்சள் பூச்சு செய்கிறார்கள். 32 பாகை வெயிலில், மின் தடை வரக்கூடிய ஊரில், மதியம் முழுக்கத் திறந்த பாத்திரத்தில் அதை வைக்கக்கூடாது. ஒரு கந்தோருக்கே ஒரே நாளில் வயிற்றோட்டம் வந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ. வருமுன்னே கடையின் பெயர் போய்விடும். கடையில் விற்கும் மயோனீஸையும் வெண்ணெயையும் சரிபாதி கலந்தால் போதும். பூச்சின் வேலை சுவை மட்டும் அல்ல. கொழுப்புப் படலம் பாணின் உள்பக்கத்தை ஈரத்திலிருந்து காக்கிறது. நுனிவரை பூசாமல் நடுவில் மட்டும் தடவினால் நுனிகள்தான் முதலில் நனைந்து பிய்யும்.

ஈரல் பசைக்குக் கோழி ஈரல் அரைக் கிலோவைப் பாலில் அரை மணித்தியாலம் ஊறவைத்தால் கசப்பு இறங்கும். வெங்காயம் 150 கிராம், உள்ளி, மிளகோடு வதக்கி, உள்ளே 74 பாகை வரும்வரை வேகவைத்து, வெண்ணெய் 150 கிராமும் பாலில் நனைத்த பாண் துண்டும் சேர்த்து அரைத்தால் 40 சாண்ட்விச்சுக்குக் காணும். ஊறவைத்த பாலைக் கொட்டிவிட்டுப் பாணை வேறு பாலில் நனைக்க வேண்டும். ஆழமான சட்டியில் ஆறவைத்தால் நடுச்சூடு மணிக்கணக்கில் நிற்கும், ஆகவே தட்டையான தட்டில் பரப்பிக் குளிரூட்டி மூன்று நாளுக்குள் முடிக்க வேண்டும்.

யாருக்கு எது ஆகாது

காத்தான்குடி, ஏறாவூர், சாய்ந்தமருது, அக்கரைப்பற்று வாடிக்கையாளருக்கும் மட்டுநகர் வாடிக்கையாளருக்கும் ஒரே பலகையில் சாப்பாடு போடும் கடை இது. பன்றி இறைச்சியே மூல வடிவத்தில் முதன்மையானது. இங்கே அதை விடுவதில் நட்டமில்லை. மாட்டிறைச்சியையும் விட்டால் ஒரே கத்தியும் பலகையும் எல்லோருக்கும் நம்பிக்கையாக இருக்கும். வெளிநாட்டு ஈரல் பசை டின்களில் பன்றி இருப்பது சாதாரணம். கோழி வாங்கும் இடமும் சோஸ் போத்தலும் ஹலால் முத்திரையோடு இருப்பதைக் காட்டத் தயாராக இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை தனிக் கணக்கு. ஒரு பக்கம் ஜும்ஆத் தொழுகை, ஓடர்கள் பதினொன்றே முக்காலுக்கு முன்னும் ஒன்றேகாலுக்குப் பின்னும் பிரியும். மறுபக்கம் மரக்கறிச் சாப்பாட்டுக்காரர் கூடுவார்கள். இவர்களுக்கான சாண்ட்விச்சில் எல்லோரும் தவறுகிற இரண்டு இடம் உண்டு. சோயா மீட்டைக் கோழிக்குப் போட்ட அதே ஊறலில் போட்டால் அதில் மீன் சோஸ் இருக்கிறது. மயோனீஸ் பூசினால் அதில் முட்டை இருக்கிறது. விரதக்காரர் இரண்டையும் தொடமாட்டார். சோயா சோஸில் தனி ஊறல், பூச்சுக்கு வெண்ணெய் மட்டும், தனிக் கத்தி, தனிப் பலகை. சோயா மீட்டை வெந்நீரில் ஊறவைத்து, தண்ணீர் வராத அளவுக்குப் பிழிந்த பின்தான் ஊறலில் போட வேண்டும், இல்லாவிட்டால் சுவை உள்ளே போகாது. ஈரல் பசைக்குப் பதில் சிப்பிக் காளானை வெங்காயத்தோடு ஈரம் வற்றும்வரை வதக்கி அரைத்தால் நிறமும் கனமும் கிட்டத்தட்ட அதேபோல வரும்.

நோன்பு மாதத்தில் முஸ்லிம் ஊர்களில் மதிய வியாபாரம் கிடையாது. அரை வேக்காட்டு முறை இங்கேயும் உதவுகிறது, அதே பாணைப் பின்னேரம் சுட்டு நோன்பு திறக்கும் நேரத்துக்குக் கொடுக்கலாம்.

புதிதாக வருகிறவர் தயங்காமல் வாங்க ஏற்றது டின் மீன் பான் மீ. தக்காளி சோஸில் அடைத்த மத்தி மீனை வியட்நாமிலும் இப்படி வைக்கிறார்கள். 425 கிராம் டின்னை வடித்து, வெங்காயம், தக்காளி, பச்சை மிளகாயோடு தண்ணீர் வற்றப் பிரட்டினால் நாலைந்து சாண்ட்விச் வரும். விலையும் கோழியை விட இறங்கும்.

பசி பற்றி நேராகவே சொல்கிறோம். சோற்றுப் பார்சலுக்குப் பழகிய வயிற்றுக்கு 240 கிராம் சிறிதாகத்தான் படும். அதற்காகப் பாணைப் பெரிதாக்கினால் வாய் நிறைய மா மட்டும் வரும், இந்தச் சாண்ட்விச்சின் சமநிலை கெடும். பொரித்த முட்டை ஒன்றை உள்ளே வைப்பது நல்ல தீர்வு. பான் மீயில் முட்டை சைகோனிலும் வழக்கம்தான்.

கட்டுவதும் கொண்டுபோவதும்

அடுக்கும் வரிசைக்குக் காரணம் உண்டு. பாணை ஒரு பக்கம் ஒட்டியிருக்கும்படி பிளந்து, இரு உள்பக்கமும் பூச்சு, கீழே ஈரல் பசை, அதன்மேல் கோழி, பிறகு கெக்கரிக்காய், கையால் இறுகப் பிழிந்த ஊறுகாய், மல்லியிலை, பச்சை மிளகாய், கடைசியில் சோயா சோஸ் சில துளி. ஈரமானவை மேலே, கொழுப்பு கீழே. ஒருவரே செய்தால் ஒன்றுக்கு ஒன்றேகால் நிமிடம், மணிக்கு 48. ஒருவர் பிளந்து பூச, மற்றவர் நிரப்பிச் சுற்றினால் 40 விநாடியில் முடியும், மணிக்கு 90 வரை போகலாம். கந்தோர் இடைவேளை குறுகியது, எல்லோரும் ஒரே அரை மணியில் வருவார்கள். ஆகவே பத்தரைக்குள் வாட்ஸ்அப்பில் ஓடர் வாங்குவது வசதிக்காக மட்டும் அல்ல, எத்தனை பாண் எப்போது அவனுக்குள் போக வேண்டும் என்பதை அதுதான் சொல்கிறது.

பொலித்தீன் லஞ்ச் ஷீட் 2017 செப்டெம்பரிலிருந்து தடை. தடை இல்லாவிட்டாலும் இதற்கு அது ஆகாது, ஆவி அடைபட்டுப் பத்து நிமிடத்தில் மேலோடு இளகிவிடும். கடதாசியில் ஒரு நுனி திறந்தபடி சுற்ற வேண்டும். புளியந்தீவுக்குள் நடக்கிற தூரத்துக்கு முழுதாக அடுக்கிக் கொடுக்கலாம். கல்லடிப் பாலம் தாண்டி இருபது நிமிடத்துக்கு மேல் போவதென்றால் ஊறுகாயைச் சிறு பையில் தனியே வைத்து, சாப்பிடுமுன் போடச் சொல்ல வேண்டும்.

கடைசியாகக் காற்று. கச்சான் என்ற வறண்ட காற்று வீசும் மாதங்களில் பொங்கவைத்த மா மேலே தோல் பிடித்துக் காய்ந்து, கீறல் கோணலாகக் கிழியும். ஈரத்துணியால் மூடியே பொங்கவிட வேண்டும், அவனில் ஒரு நிமிடம் குறைக்கலாம். வாடைக் காற்றும் மழையும் தொடங்கினால் எல்லாம் மாறும். கடை அவனில் சுடும் நேரத்தை இரண்டு நிமிடம் கூட்டி, ஒரு சூட்டுக்கு 16ஐ எட்டாகக் குறைத்து, சுட்டதை அரை மணிக்குள் கொடுத்துவிட வேண்டும். நவம்பரிலிருந்து ஜனவரி வரை அவனுக்கு முன்னால் நிற்கிறவர் மணிக்கூட்டைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் ஒவ்வொரு சூட்டிலும் ஒரு பாணை எடுத்து விரலால் அழுத்தி, நொறுங்குகிறதா என்று கேட்டுப் பார்த்துத்தான் வெட்டக் கொடுக்க வேண்டும்.